யாருடைய தெருவில் யாருடைய பாட்டு?

தெருவில் கேமராவை வைத்துப் பாட்டு எடுப்பது சின்ன விஷயமாகத்தான் தெரியும். நாலு பேர் ஆடுவார்கள், நாற்பது பேர் வேடிக்கை பார்ப்பார்கள், போலீஸ்காரர் ஒருவர் கூட்டத்தை ஒதுக்குவார், சாயங்காலம் வண்டி கிளம்பிவிடும். ஆனால் கேமராவை எங்கே வைப்பது, யாரை நடுவில் நிறுத்துவது, யாரைப் பார்த்து 'ஓரமாப் போ' என்பது ஆகிய மூன்று முடிவுகளும் இந்த நாட்டில் சாதிக்கு வெளியே எடுக்கப்படுவதில்லை. தெரு யாருடையது என்ற பழைய வழக்கு இன்னும் முடியவில்லை. பாட்டுப் படப்பிடிப்பு அதில் இன்னொரு வாய்தா. பனியன் தைத்து உலகத்துக்கே உடுத்திவிடும் திருப்பூர் வட்டாரத்தில் இருந்துகொண்டு அந்த வழக்குக் கட்டைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

1

1924, 1925ஆம் ஆண்டுகளில் சென்னை மாகாணச் சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன், ஆர். வீரையன் போன்றவர்கள் எதற்காக வாதாடினார்கள்? பொதுத் தெருவில் நடப்பதற்காக. பொதுக்கிணற்றில் தண்ணி சேந்துவதற்காக. அதே 1924ல்தான் வைக்கத்தில் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கும் உரிமைக்காகப் போராட்டம் தொடங்கியது, பெரியார் சிறைக்குப் போனார். கோயிலுக்குள் நுழைவது பிறகு, முதலில் தெரு. 1925ல் சென்னை மாகாணத்தில் அரசாணை வந்தது: எந்தச் சாதியாரும் பொதுத் தெருவில் நடக்கலாம்.

ஆணை கோட்டையில் இருந்தது. கொங்கு நாட்டு ஊர்களுக்கு அது வந்து சேர எத்தனை காலம் பிடித்தது என்பது எங்கள் பெரியவர்களுக்குத் தெரியும். அரசாணைக்கு ஐம்பது அறுபது வருஷம் கழித்தும் மாதாரி வளவிலிருந்து வருகிறவர் ஊர்த்தெருவுக்குள் கால் வைக்கும்போது செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். சைக்கிளில் வந்தவர் இறங்கித் தள்ளினார். தோளில் கிடந்த துண்டு இடுப்புக்கு இறங்கியது. செருப்பைத் தைத்துக் கொடுத்தவர் அதைப் போட்டுக்கொண்டு நடக்க முடியாத தெரு அது. தலித்துகளுக்குத் தெருவும் உடையும் தனித்தனி விஷயங்களாக என்றைக்கும் இருந்ததில்லை. சட்டை போட்டுத் தெருவில் நடப்பது என்பதே எங்களுக்கு ஒரு அரசியல் நடவடிக்கை. இதை மனதில் வைத்துக்கொண்டுதான் தெருவில் எடுத்த பாட்டுகளைப் பார்க்க வேண்டும்.

2

தமிழ் சினிமா வெகுகாலம் தெருவுக்கே வரவில்லை. கோடம்பாக்கத்து ஸ்டுடியோவுக்குள் அட்டையிலும் பிளைவுட்டிலும் தெரு கட்டினார்கள். கட்டிய தெருவில் தேவைப்பட்டவர்கள் மட்டும்தான் நடந்தார்கள். எந்தச் சேரியும் கேட்காமல் உள்ளே வந்துவிட முடியாது.

1967ல் பாலச்சந்தரின் 'அனுபவி ராஜா அனுபவி'யில் நாகேஷ் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பட்டணம் வந்து, மெட்ராசின் நிஜமான சாலைகளில் நடந்துகொண்டே பாடுகிறார். கண்ணதாசன் எழுத்து, விஸ்வநாதன் இசை, சௌந்தரராஜன் குரல். 'மெட்ராஸ் நல்ல மெட்ராஸ்' என்று தொடங்கும் அந்தப் பாட்டைக் கேட்காத தமிழர் குறைவு. நகரத்தின் அவசரத்தையும் பொய்யையும் கிராமத்தான் ஒருவன் கிண்டல் செய்கிறான், நன்றாகவே செய்கிறான். ஆனால் கவனியுங்கள்: நகரத்தைப் பற்றிப் பேசுகிறவன் வெளியிலிருந்து வந்தவன். அந்த நகரத்தைக் கட்டியவர்கள், ரிக்ஷா மிதித்தவர்கள், துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள், சாக்கடை அள்ளியவர்கள் ஆகியோர் நகரத்தைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று பாட்டு கேட்கவில்லை. அவர்கள் கூட்டம். கூட்டத்துக்குக் குரல் கிடையாது.

பிறகு பணம் வந்தது, கேமரா கப்பலேறியது. 'சிவந்த மண்' (1969) ஐரோப்பாவுக்கும் 'உலகம் சுற்றும் வாலிபன்' (1973) ஜப்பான், ஹாங்காங், சிங்கப்பூர், தாய்லாந்துக்கும் போயின. ஒசாகா பொருட்காட்சியில் கதாநாயகன் பாடுவதைத் தமிழ்நாட்டு டூரிங் கொட்டகை மணல்தரையில் உட்கார்ந்து பார்த்தோம். பெருநகரம் என்றால் அது வெளிநாடு என்றாகிவிட்டது. நம்முடைய பெருநகரத்தில் நமக்குத் தெருவும் இல்லை, பாட்டும் இல்லை.

3

எழுபதுகளின் இறுதியில் கேமரா கிராமத்துக்குத் திரும்பியது. அடுத்த பதினைந்து ஆண்டுகளில் கோபிச்செட்டிபாளையமும் பொள்ளாச்சியும் உடுமலைப்பேட்டை வட்டாரமும் தமிழ் சினிமாவின் நிரந்தரக் கிராமமாகிப்போயின. வாய்க்கால், தென்னந்தோப்பு, வில்வண்டி, திண்ணை வைத்த பெரிய வீடு. 1992ல் 'சின்னக்கவுண்டர்', 1993ல் 'எஜமான்', 1994ல் 'நாட்டாமை'. தீர்ப்புச் சொல்கிறவர், ஊருக்குப் படியளக்கிறவர், வெள்ளை வேட்டி. அவர் நடந்து வரும் தெருவில் இரண்டு பக்கமும் ஊர்ச்சனம் நின்று பாடும், ஆடும். பாட்டில் தப்பட்டைச் சத்தம் தூக்கலாக இருக்கும். அடிக்கிறவர் முகம் ஒரு நொடி வந்து போகும். அவருக்கு வீடு எங்கே, அவர் எந்தக் கிணற்றில் தண்ணி எடுக்கிறார், டீக்கடையில் அவருக்கு எந்த டம்ளர் என்று பாட்டு முடியும்வரை யாருக்கும் தெரியாது.

அந்தப் பாட்டுகள் எடுக்கப்பட்ட அதே வருஷங்களில், அங்கிருந்து ஐம்பது அறுபது கிலோமீட்டர் தூரத்தில் திருப்பூரில் என்ன நடந்துகொண்டிருந்தது? 1984ல் பனியன் தொழிலாளர்கள் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் செய்து முடித்திருந்தார்கள். எண்பதுகளின் பின்பாதியில் ஏற்றுமதி ஏறத் தொடங்கியது. 1990ல் ஏற்றுமதியாளர் சங்கம் உருவானது. கம்பெனிகள் சந்துக்குச் சந்து முளைத்தன. ஆள் போதவில்லை. அதுவரை பண்ணையத்தில் நின்ற அருந்ததியர் குடும்பத்துப் பையன்களும் பெண்பிள்ளைகளும் காட்டுவேலையை விட்டுவிட்டு, டவுன்பஸ் ஏறிக் கம்பெனிக்குப் போகத் தொடங்கினார்கள். கைமடிக்கிற வேலை, செக்கிங், பிறகு ஓவர்லாக், சிங்கர். சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம் கையில்.

இது சாதாரண இடமாற்றம் அல்ல. வருஷக்கூலிக்குப் பண்ணையாளாக நின்ற அப்பனின் மகன் ஒரு ஷிப்டுக்கு இத்தனை, பீசுக்கு இத்தனை என்று கணக்குப் பேசினான். கவுண்டர் தோட்டத்துக்கு வா என்றால் 'கம்பெனிக்குப் போறனுங்க' என்று பதில் சொன்னான். 'இந்த மாதாரிப் பசங்களுக்குக் கொழுப்பு ஏறிப்போச்சு' என்று ஊர் பேசியது. கொழுப்பு அல்ல, சம்பளம். ஜீன்சும் பனியனும் போட்டுக்கொண்டு, செருப்பைக் கழற்றாமல் ஊர்த்தெருவில் அவன் நடந்தான். கொங்கு நாட்டுத் தலித்துகளின் வரலாற்றில் இதைவிடப் பெரிய காட்சி அந்தப் பத்தாண்டில் வேறில்லை.

எந்தக் கேமரா அதை எடுத்தது? பொள்ளாச்சிக்கு யூனிட் வண்டிகள் வந்தன, போயின. பண்ணையாள் பண்ணையத்தைவிட்டு வெளியேறிக்கொண்டிருந்த நேரத்தில், எஜமானைச் சுற்றி அவன் சந்தோஷமாக ஆடுவதாகப் பாட்டு எடுத்தார்கள். கையைவிட்டுப் போய்க்கொண்டிருந்த ஒரு அதிகாரத்தை வெள்ளித்திரையில் பிடித்து நிறுத்தும் வேலை அது. நாங்களும் அந்தப் பாட்டுகளைத்தான் கேட்டோம். மெட்ராஸ் தூர்தர்ஷனில் வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒளியும்', 1993க்குப் பிறகு சன் டிவி, கம்பெனிக்குள் நாள் முழுக்க டேப்ரிக்கார்டர். கதையிலிருந்து பாட்டை மட்டும் வெட்டியெடுத்துத் தனியாகப் பார்க்கும் பழக்கம் அப்படித்தான் வந்தது. எங்களை ஓரத்தில் நிறுத்திய பாட்டுக்குத் தாளம்போட்டபடியே நாங்கள் ஓவர்லாக் ஓட்டினோம்.

4

கொங்கு மண்ணின் தெரு ஒன்று உண்மையாகவே படமாகி, நாடு முழுக்கப் பார்க்கப்பட்டது ஒரு நாள். அது பாட்டு அல்ல. 2016 மார்ச் 13, திருப்பூர் மாவட்டம் உடுமலைப்பேட்டை பேருந்து நிலையத்துக்கு அருகில், பட்டப்பகலில், சங்கர் என்ற பொறியியல் மாணவரை வெட்டிச் சாய்த்தார்கள். அவர் தலித். சாதி மறுத்து அவரை மணந்த கௌசல்யாவையும் வெட்டினார்கள், அவர் உயிர் பிழைத்தார். கடைவாசலில் மாட்டியிருந்த கண்காணிப்புக் கேமரா அதைப் பதிவு செய்தது.

2017 டிசம்பரில் திருப்பூர் நீதிமன்றம் பெண்ணின் தந்தை உட்பட ஆறு பேருக்கு மரண தண்டனை விதித்தது. 2020 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றம் தந்தையை விடுவித்தது, ஐந்து பேரின் தண்டனையை ஆயுளாகக் குறைத்தது. அந்த வழக்கு வேறு கட்டுரைக்குரியது. இங்கே சொல்ல வேண்டியது ஒன்றுதான். இருபது வருஷத்துக்கும் மேலாக எந்த வட்டாரத்தில் சாதிப்பெருமையைப் பாட்டாக எடுத்தார்களோ, அதே வட்டாரத்தின் நடுத்தெருவில், அந்தப் பாட்டுகள் ஓரத்தில் நிறுத்தியிருந்த மனிதர் கேமராவுக்கு நடுவில் வந்தார், சாவதற்காக. பாட்டுதான் கொன்றது என்று சொல்லவில்லை. ஆனால் தெருவில் யார் தலைநிமிர்ந்து நடக்கலாம் என்பதை இருபது வருஷம் திரும்பத்திரும்பப் பாடிக் காட்டிவிட்டு, அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று கைகழுவிவிட முடியாது.

5

இதற்கு மாறான வரலாறு வடசென்னையில் நடந்தது. கானா அங்கே எழவு வீட்டில் பிறந்த பாட்டு. செத்தவரின் பக்கத்தில் உட்கார்ந்து, விடியவிடிய அவரைப் பற்றியும் வாழ்க்கையைப் பற்றியும் பாடுவது. தொண்ணூறுகளில் தேவா இசையில் அது சினிமாவுக்குள் வந்தது. 1994ல் 'காதலன்' படத்தின் 'பேட்டை ராப்' பேட்டைப் பேச்சை ஸ்டைலாக்கியது. பாட்டு உள்ளே போனது, பாடினவர்கள் வாசலிலேயே நின்றார்கள். மெட்ராஸ் பாஷை என்றால் ரவுடி அல்லது கோமாளி. அதற்கு மேல் ஒரு இடம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

2012ல் பா. ரஞ்சித்தின் 'அட்டகத்தி', 2014ல் வியாசர்பாடியைக் களமாகக்கொண்ட 'மெட்ராஸ்' வந்தபோதுதான் கேமரா இடம் மாறி நின்றது. ஹவுசிங்போர்டு மாடி, மொட்டைச்சுவர், கால்பந்து, கேரம்போர்டு, சாவு ஊர்வலம். கபிலன் எழுதிய வடசென்னைப் பாட்டில் தெரு பின்னணி இல்லை, தெருதான் பாத்திரம். கானா பாலா தன் குரலிலேயே, தன் முகத்தோடு வந்தார்.

அடுத்த அடி சினிமாவுக்கு வெளியே விழுந்தது. 2017ல் நீலம் பண்பாட்டு மையத்தின் வழியாக ரஞ்சித்தும் இசைக்கலைஞர் டென்மாவும் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவைக் கட்டினார்கள். சாதியற்றவர்கள் என்ற அந்தப் பெயருக்குப் பின்னால் அயோத்திதாசர் இருக்கிறார். 2018 ஜனவரி 6, சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதல் மேடை. கானா பாடுகிறவர்கள், ராப் பாடுகிறவர்கள், பறை அடிக்கிறவர்கள் எல்லோரும் கோட்டு சூட்டு போட்டு நின்றார்கள். பாபாசாகேப் ஏன் கோட்டு போட்டார் என்று கேட்கிறவர்களுக்கு அந்த மேடை ஒரு பதில். மாட்டுக்கறியைப் பற்றி, இடஒதுக்கீட்டைப் பற்றி, பிளாட்பாரத்தில் வாழ்வதைப் பற்றி அவர்கள் பாடினார்கள். குழுவில் இருந்த ஒரே பெண் குரலான இசைவாணியை 2020ல் பி.பி.சி. உலகத்தின் நூறு பெண்களில் ஒருவராகச் சேர்த்தது. ஆண்களின் எழவுப்பாட்டாக இருந்த கானாவில் ஒரு பெண் மைக்கைப் பிடித்தது சாதாரண விஷயமல்ல.

இடையில் 2017 ஜனவரியில் இன்னொரு காட்சி. கர்நாடக சங்கீத மேடையில் இருந்த டி.எம். கிருஷ்ணா எண்ணூர் கழிமுகத்துக்குப் போய், அனல்மின் நிலையச் சாம்பலுக்கு நடுவில் உட்கார்ந்து, கபேர் வாசுகி எழுதிய 'சென்னை புறம்போக்குப் பாடல்' பாடினார். புறம்போக்கு என்ற சொல் வசவானது எப்படி என்று கேட்ட பாட்டு அது. சபாவை விட்டு வெளியே வந்ததற்கு மரியாதை உண்டு. ஆனால் புறம்போக்கிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் தாங்களே பாடும்போது கிடைக்கும் கவனமும், சபாவிலிருந்து வந்தவர் பாடும்போது கிடைக்கும் கவனமும் ஒன்றா என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

6

இது நம் ஊர் வழக்கு மட்டுமல்ல. 1996ல் மைக்கேல் ஜாக்சன் ஒரு பாட்டுக்காக பிரேசில் போனார். கறுப்பின இயக்குநர் ஸ்பைக் லீ அதை இரண்டு இடங்களில் எடுத்தார்: ரியோ நகரத்தின் மலைச்சரிவில் உள்ள டோனா மார்ட்டா என்ற சேரி, சால்வடார் நகரத்தின் பெலூரின்யோ. ரியோவின் ஆட்சியாளர்கள் எதிர்த்தார்கள், நீதிமன்றம் வரை போனது. காரணம் என்ன? சேரியைக் காட்டினால் நகரத்தின் பெயர் கெட்டுவிடும், ஒலிம்பிக் கேட்டிருக்கிறோம், சுற்றுலா வருமானம் போய்விடும் என்றார்கள். சேரியில் சனங்கள் இருப்பது அவமானமில்லை, அது படத்தில் தெரிவதுதான் அவமானம்!

சால்வடாரில் ஜாக்சனோடு நின்றவர்கள் ஒலோடும் என்ற கறுப்பினப் பறைக்குழு. 1979ல் தொடங்கிய அமைப்பு. நூற்றுக்கணக்கான பறைகள் முழங்க, ஒலோடும் பெயர் போட்ட பனியனை ஜாக்சன் மாட்டிக்கொண்டு ஆடினார். அடிக்கிறவர் முகமும் தெரிந்தது, குழுவின் பெயரும் தெரிந்தது. பதினான்கு வருஷம் கழித்து, 2010ல், அதே டோனா மார்ட்டாவில் ஜாக்சனுக்குச் சிலை வைத்தார்கள். மறைக்கப் பார்த்த சேரி சுற்றுலா இடமாகிப்போனது.

சென்னையில் இதன் மறுபக்கம் 2022ல் நடந்தது. செஸ் ஒலிம்பியாடுக்காக நேப்பியர் பாலத்துக்குச் சதுரங்கக் கட்டம்போல் கறுப்பு வெள்ளை அடித்து, ஏ.ஆர். ரகுமான் இசையில் அந்தப் பாலத்தின்மேலேயே அரசு விளம்பரப் பாட்டு எடுத்தார்கள். அழகாகத்தான் இருந்தது. பாலத்துக்கு அடியில் ஓடுவது கூவம். அதே கூவக்கரையில், சென்ட்ரலுக்குப் பக்கத்தில், தலித் தலைவர் சத்தியவாணிமுத்து பெயரில் இருந்த குடியிருப்பின் குடும்பங்களைச் சில வருஷங்களுக்கு முன்புதான் பெரும்பாக்கத்துக்கு ஏற்றி அனுப்பியிருந்தார்கள். 2000லிருந்து கண்ணகி நகர், பிறகு பெரும்பாக்கம். தெரு சுத்தமாகிறது, பாட்டு எடுக்கத் தோதாகிறது, தெருவில் இருந்தவர்கள் முப்பது கிலோமீட்டருக்கு அப்பால்.

அதே ஒலிம்பியாடின் தொடக்க விழா மேடையில் 'என்ஜாய் எஞ்சாமி' பாடப்பட்டது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தன் பாட்டியின் வாழ்க்கையிலிருந்து அறிவு எழுதிய பாட்டு, 2021 மார்ச்சில் வெளியானது. மேடையில் தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் பாடினார்கள், அறிவு இல்லை. அதற்கு முந்தைய ஆண்டே, பாட்டைப் பற்றி ஒரு இசைப் பத்திரிகை அட்டைப்படம் போட்டபோது அவர் முகம் அட்டையில் இல்லாமல் போய், ரஞ்சித் கண்டித்து எழுதினார், பிறகு தனி அட்டை வந்தது. பாட்டு யாருடைய உழைப்பு என்பதில் அறிவு ஒன்று சொன்னார், இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் வேறு சொன்னார். 2024ல் சந்தோஷ் நாராயணனே அந்தப் பாட்டால் தங்களுக்கு வருமானம் எதுவும் வந்து சேரவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். கோடிக்கணக்கானவர்கள் பார்த்த பாட்டு. காண்ட்ராக்டர் எடுத்துக்கொண்டுபோன பீஸ்கணக்கு மாதிரி, தைத்தவருக்கு என்ன மிஞ்சியது என்று கேட்டால் பதில் இல்லை. திருப்பூர்க்காரர்களுக்கு இந்தக் கதை புரிய அதிக விளக்கம் தேவைப்படாது. நாம் தைக்கும் பனியனிலும் காலரில் இருப்பது வேறொருவன் பெயர்.

7

இப்போது எங்கள் ஊருக்கு வருவோம். திருப்பூர் 2008ல் மாநகராட்சி, 2009ல் மாவட்டத் தலைநகரம். பெருநகரத்தின் எல்லா லட்சணமும் வந்தாயிற்று. செத்துப்போன நொய்யல் இருக்கிறது. 2011ல் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்கிற அளவுக்குச் செத்த ஆறு. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள் லைன்வீடுகளில் பத்துப் பேருக்கு ஒரு அறை என்று இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரே காம்பவுண்டில் கானாவும் போஜ்புரிப் பாட்டும் அடுத்தடுத்த கதவில் ஓடுகின்றன. 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் வடநாட்டுத் தொழிலாளர்களை அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவியபோது, பயந்துபோய் ரயிலேறியவர்கள் உண்டு. நம்மைப் பற்றி நாம் எடுக்காவிட்டால் வேறு யாராவது எடுப்பார்கள், எப்படியும் எடுப்பார்கள்.

எல்லாருடைய கையிலும் இன்று செல்போன் கேமரா இருக்கிறது, அதனால் சமமாகிவிட்டோம் என்று சிலர் சொல்கிறார்கள். அப்படியில்லை. கொங்கு வட்டாரத்தில் சாதிப்பெருமைப் பாட்டுகளையும் அதே செல்போனில்தான் எடுத்துப் பரப்புகிறார்கள். கார் வரிசை, மீசை, வெள்ளை வேட்டி. தொண்ணூறுகளின் அதே தெரு, யூனிட் வண்டி மட்டும் இல்லை.

இன்னொன்றையும் நாம் நமக்குள்ளேயே பேச வேண்டும். இந்த வட்டாரத்து நூல் மில்களில் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில், மூன்று வருஷ முடிவில் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் தருவதாகச் சொல்லிக் கூட்டிவரப்பட்ட இளம்பெண்களில் பெரும்பகுதி தலித் குடும்பத்துப் பிள்ளைகள். ஹாஸ்டல், மில், மறுபடி ஹாஸ்டல். கேட்டைத் தாண்டி வெளியே போக வேண்டுமென்றால் வார்டன் கூட வர வேண்டும். 1925ல் கிடைத்ததாகச் சொல்லப்படும் தெரு அவர்களுக்கு இன்னும் கிடைக்கவில்லை. நம்முடைய பையன்கள் எடுக்கும் பாட்டுகளிலும் பைக்கும் கும்பலும்தான் தெரு என்றால், இந்தப் பிள்ளைகளுக்கு அதில் என்ன இடம்? இசைவாணி போன்றவர்கள் சென்னையில் திறந்த கதவை இங்கே யார் திறப்பது?

ஆகவே செய்ய வேண்டிய வேலைகளைச் சொல்லித்தான் முடிக்க வேண்டும். எழுதுகிறவர்கள் தொண்ணூறுகளில் பண்ணையத்தைவிட்டுக் கம்பெனிக்கு வந்த தலைமுறையைக் கண்டு பேசி, அவர்கள் பாடிய காட்டுவேலைப் பாட்டையும் எழவுப்பாட்டையும் பதிவு செய்ய வேண்டும். அந்தத் தலைமுறைக்கு இப்போது ஐம்பது வயது தாண்டிவிட்டது. தப்பட்டை அடிப்பவர், பாடுபவர், ஆடுபவர் எல்லோருடைய பெயரும் பாட்டோடு வர வேண்டும், கூலியும் உரிமையும் எழுத்தில் இருக்க வேண்டும். இயக்கங்கள் கூட்டம் போடும் செலவில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்கலாம். மாணவர்கள் கேமராவை எடுத்துக்கொண்டு சனிக்கிழமை ராத்திரி சம்பளம் வாங்கிக்கொண்டு காதர்பேட்டையில் செகண்ட்ஸ் பனியனுக்குப் பேரம் பேசும் கூட்டத்துக்குள் போகட்டும், லைன்வீட்டு வாசலுக்குப் போகட்டும், வளவுக்குப் போகட்டும். உடுமலைப் பேருந்து நிலையத்துக்கு எதிரிலும் ஒரு பாட்டு எடுக்க வேண்டும். நம் பெண்களும் ஆண்களும் தாங்கள் தைத்த துணியைப் போட்டுக்கொண்டு, தப்பட்டையோடு, பகல் வெளிச்சத்தில் அந்தத் தெரு முழுக்க நடந்து வருவதாக அது இருக்கட்டும்.